1976 ஹோண்டா சிபி550: ஃபில்டர் மூடியில் ஆயில் கசிவு, புது ஓ-ரிங் போட்டும் நிற்கவில்லை

தோ பாயோ ரைடர்:
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு சிபி550 மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறேன். "சர்வீஸ் எல்லாம் முடிந்தது, ஓட்ட வேண்டியதுதான்" என்றார் விற்றவர். ஆனால் எஞ்சின் சூடானதும் முன்பக்கம் ஆயில் ஃபில்டர் மூடியைச் சுற்றி ஆயில் கசிகிறது. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் நிறுத்துமிடத்தில் தரையெல்லாம் கறை, பக்கத்து லாட் அங்கிள் முறைக்கிறார். ஒரு பட்டறையில் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டார்கள். கசிவு முன்னைவிடக் கூடிவிட்டது. மூடியையே மாற்ற வேண்டும், ஜப்பானிலிருந்து வரவழைக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு செலவு தேவையா? எப்படியும் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறேன். என்ன ஆயில் போடுவது?

கிக் ஸ்டார்ட்டர்:
20டபிள்யூ-50 போடுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான். கெட்டி ஆயில் என்றால் கசிவும் குறையும்.

நாலு சிலிண்டர்:
ஆயிலைக் கெட்டியாக்கிக் கசிவை நிறுத்துவது சரியான வைத்தியம் இல்லை. 20டபிள்யூ-50 தாராளமாகப் போடலாம், 10டபிள்யூ-40 போட்டாலும் ஓடும். அதைவிட முக்கியம், டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான தரக் குறியீடு) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டியில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். பிகேஇ விரைவுச்சாலை ஏற்றத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் ஏறும், வண்டி நகராது.

தம்பி, மூடிக்கு இப்போதைக்குக் காசு கொடுக்க வேண்டாம். மூடியைக் கழற்றி, ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஓ-ரிங் சூட்டில் இறுகிப் பள்ளத்தோடு பள்ளமாகப் படிந்துவிடும். பார்த்தால் உலோகம் மாதிரியே இருக்கும். அது உள்ளே இருப்பது தெரியாமல் அதன் மேலேயே புதிதை வைத்து இறுக்குவார்கள். மூடி எப்படிப் பதியும்? பல்குத்தும் குச்சியாலோ பித்தளைக் கொக்கியாலோ நெம்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அப்புறம் நிஜமாகவே புது மூடிதான்.

நடு போல்ட்டிலும் சின்ன ஓ-ரிங் ஒன்று உண்டு, அதையும் மாற்றுங்கள். போல்ட் தலை 12 மில்லிமீட்டர், ரொம்பச் சின்னது, எளிதில் மழுங்கிவிடும். ஆறு முனை சாக்கெட் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

காக்கி புக்கிட் கை:
மேலே சொன்னது சரி. இன்னொன்றையும் பாருங்கள். போல்ட், மூடி, ஸ்பிரிங், வாஷர், ஃபில்டர்: வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசை இதுதான். பழைய ஃபில்டரை எடுக்கும்போது வாஷர் ஆயிலோடு அதில் ஒட்டிக்கொண்டே வரும், ஃபில்டரோடு குப்பைக்கும் போய்விடும். வாஷர் இல்லாவிட்டால் ஸ்பிரிங் நேரே ஃபில்டர் ரப்பரில் குத்தும். ஃபில்டர் சரியாக உட்காராது, ஆயில் வடிகட்டாமலே சுற்றும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது.

ஆயிலை இறக்கும் முன் எஞ்சினைக் கொஞ்சம் சூடாக்குங்கள், அழுக்கோடு இறங்கும். இறக்கியதை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் வால்வு சரியாக மூடாமல் அது எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். பெட்ரோல் கலந்து மட்டம் ஏறினாலும் கசிவு கூடும். நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை, அது வேறு கதை.

கிக் ஸ்டார்ட்டர்:
ஃப்ளஷ் ஆயில் ஊற்றி ஒருமுறை கழுவிவிட்டால்?

காக்கி புக்கிட் கை:
வேண்டாம். இத்தனை வருடம் படிந்த கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஆயில் வழியை அடைத்துவிடும். நல்ல ஆயிலே ஊற்றி, சீக்கிரமே இன்னொரு தடவை மாற்றினால் போதும்.

தோ பாயோ ரைடர்:
அண்ணே, பிரித்துவிட்டேன். பள்ளத்தில் புது ரிங்குக்கு அடியில் பழையது பிளாஸ்டிக் மாதிரி கிடந்தது, துண்டு துண்டாக வந்தது. மூடியில் விரிசல் எதுவும் இல்லை. ஸ்பிரிங் இருக்கிறது, வாஷரைக் காணோம்! ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை. வாஷர் இல்லாமல் இப்போதைக்குப் பூட்டி ஓட்டலாமா?

காக்கி புக்கிட் கை:
கூடாது. ஹோண்டாவின் அந்தக் காலத்து நாலு சிலிண்டர் வண்டிகள் பலவற்றுக்கும் ஃபில்டர் ஒன்றுதான், அதனால் வாஷர் கிடைப்பது கஷ்டமில்லை. ஜாலான் புசார் பக்கம் பழைய சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேளுங்கள். அப்படியே 17 மில்லி தலை உள்ள போல்ட்டும் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள்.

நாலு சிலிண்டர்:
ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் சுமார் 3 லிட்டர் பிடிக்கும். மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். கொஞ்சம் குறைத்து ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபில்டர் கூடு நிரம்பும் வரை ஆயில் விளக்கு சில நொடி எரியும், பயம் வேண்டாம். அணைந்ததும் எஞ்சினை நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் வைத்து மட்டம் பாருங்கள். அளவுக்கோலைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், நாம் குறைவாக ஊற்றிவிடுவோம்.

பழைய ஆயிலைக் கால்வாயில் கொட்டிவிடாதீர்கள். நம் வடிகால் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, அபராதமும் உண்டு. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள்.

தோ பாயோ ரைடர்:
வாஷர் கிடைத்தது, மாட்டினேன். நன்றாகச் சூடாகும் வரை ஓட்டியும் மூடியைச் சுற்றிக் காய்ந்தே இருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணே. அடுத்தது பிரேக். முன் டிஸ்க் டப்பாவில் ஆயில் காப்பி நிறத்தில் இருக்கிறது. இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதும்தானே?

நாலு சிலிண்டர்:
பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாயை, அதாவது ஹோஸை, முதலில் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர் என்றால் உள்ளே ஊதி வழியை அடைத்திருக்கும், லீவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஹோஸை மாற்றிவிட்டு டாட் 4 ரக பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டாட் 5 சிலிகான், அதோடு கலக்கக் கூடாது. டேங்க் மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் பெயின்ட் போச்சு.