உதவி: ஸ்போர்ட்ஸ் செடான், உள்ளே மட்டமா இருக்கா இல்ல எனக்குத்தான் அப்படித் தெரியுதா? நாளைக்குள்ள சொல்லணும்

குட்டிடர்போ | இரவு 9.48
ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன். இழுவை, ஸ்டியரிங், பிரேக் எதுலயும் குறை சொல்ல முடியாது. ஆனா நிறுத்திட்டு உள்ள சும்மா உக்காந்தா மனசு ஒட்ட மாட்டேங்குது. டாஷ்போர்டைத் தட்டினா டொக்கு டொக்குங்குது. அதோட முன்னாடி எங்கயோ "ர்ர்ர்"னு ஒரு அதிர்வுச் சத்தம். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லணும், இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்காராம். குறைஞ்ச விலை ஸ்போர்ட்ஸ் செடான்னா உள்ள இப்படித்தானா, இல்ல இந்த வண்டியே மட்டமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மூணாவதுகியர் | 9.55
எந்த வண்டி? புதுசா பழசா? எத்தனை கிலோமீட்டர் ஓடினது? மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? சத்தம் எப்ப வருது, பள்ளத்துல இறங்கறப்பவா, நிக்கறப்பவா, மிதிக்கறப்பவா? ஜாதகமே குடுக்காம பொருத்தம் பார்க்கச் சொல்றீங்க.

கதவுச்சத்தம் | 10.02
ப்ரோ, இவ்வளவு குழப்பமே வேண்டாம். கண்ணை மூடிட்டு கதவைச் சாத்துங்க. "டப்"னு ஒரே சத்தத்துல அடங்கினா நல்ல வண்டி. சத்தம் முடிஞ்சும் தகரம் சிலுசிலுங்குதா, தூக்கிப் போட்டுட்டு வாங்க. நான் இதுவரைக்கும் இதை வச்சுத்தான் பார்க்கறேன், தப்பினதே இல்ல.

மோல்டுமேஸ்திரி | 10.11
கதவுச்சத்தம் அண்ணே, அந்த "டப்" தனியா உக்காந்து செஞ்சு வைக்கிறது. கதவுத் தகரத்துல உள்பக்கமா ஒட்டுற பட்டை, ரப்பர் பீடிங், லாக்குல இருக்கிற பிளாஸ்டிக் உறை, இந்த மூணையும் சரி பண்ணினா எந்தக் கதவும் அப்படித்தான் சாத்தும். வண்டிக்குள்ள மத்தது எப்படின்னு அது சொல்லாது.

கதவுச்சத்தம் | 10.14
கதவுக்கே செலவு பண்ணாதவன் மத்ததுக்கு எங்க பண்ணுவான்?

பழைய ஸ்டியரிங் | 10.20
இதே வினாவுக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. குறைந்த விலையில் வேகமான வண்டி வேண்டுமென்றால் பணம் எஞ்சினுக்கும் சஸ்பென்ஷனுக்கும் பிரேக்குக்கும் போய்விடும், மிச்சம்தான் உள் அலங்காரத்துக்கு. வண்டியை ஓட்டத் தெரிந்தவர் சாலையைப் பார்ப்பார். டாஷ்போர்டைத் தட்டிப் பார்ப்பவர் சோபா வாங்கப் போகலாம்.

நெட்டைக்கால் | 10.26
சார், சாலையைப் பார்க்கிற ஆளுக்கும் முட்டி இருக்கு. வளைவுல வேகமாத் திரும்பறப்ப என் முட்டி, ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல இருக்கிற சென்டர் கன்சோல் பக்கத்துல முட்டுக்குடுக்கும். அங்க கெட்டி பிளாஸ்டிக்கா இருந்தா அரை மணி நேரத்துல வலிக்கும். ஸ்போர்ட்ஸ் வண்டியிலதான் அந்த ஒரு சாண் இடத்துல மெத்தை வேணும், அதை விட்டுட்டு யாரும் தொடவே போகாத டாஷ்போர்டு உச்சியில வைக்கிறாங்க.

மோல்டுமேஸ்திரி | 10.41
நெட்டைக்கால் சொல்றதுதான் பேச்சு. நான் இஞ்செக்‌ஷன் மோல்டிங் வேலையில (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுல செலுத்தறது) இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

தட்டினா டொக்குன்னு கேட்டா அது கெட்டி பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். மெத்துன்னு இருந்தா மேல ஒரு தோல், நடுவுல ஃபோம், அடியில கெட்டி பிளாஸ்டிக், ஆக மூணு அடுக்கு. வேலையும் காசும் கூட. ஆனா கெட்டின்னா மட்டம்னு அர்த்தம் இல்ல. நல்ல மோல்டுல வந்த கெட்டி பிளாஸ்டிக் வருஷக்கணக்கா அப்படியே இருக்கும். ரப்பர் மாதிரி வழவழன்னு பெயிண்ட் அடிச்ச பட்டன்தான் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சில வருஷத்துல பிசுபிசுக்கும். தொட்டதும் ஒசத்தியாத் தோணும், பின்னாடி கையில ஒட்டும்.

தட்டறதை விடுங்க, தடவுங்க. கதவை இழுக்கற கைப்பிடிக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத பக்கம் விரலை விட்டு இழுத்துப் பாருங்க. மோல்டோட ரெண்டு பாதி சேர்ற இடத்துல ஒரு கோடு இருக்கும். அதைச் சீவாம விட்டிருந்தா நகம் மாட்டும், சிலதுல பிளேடு மாதிரி விரலையே கீறும். தெரியாத இடத்துல சீவி விட்டிருக்கானான்னு பாருங்க, மத்த இடத்தை எப்படிச் செஞ்சிருப்பான்னு அதுலயே பிடிபடும்.

அடுத்தது வெயில். ஷோரூம் லைட்டுல எல்லாமே ஒரே கறுப்பு. வெயில்ல நிறுத்தினா டாஷ்போர்டு ஒரு கறுப்பு, கதவு ஒரு கறுப்பு, க்ளவ் பாக்ஸ் மூடி மட்டும் மினுமினுன்னு வேற கறுப்பு. பக்கத்துப் பக்கத்துத் துண்டு ரெண்டும் ஒரே மினுமினுப்புல வர்றது சுலபமில்ல, அதுக்கு மெனக்கெடணும். அப்புறம் முன் கதவோட மேல் விளிம்பை அமுக்கிப் பாருங்க, அதே இடத்தைப் பின் கதவுலயும் அமுக்குங்க. முன்னாடி மெத்து, பின்னாடி கல்லுன்னா கணக்கு எங்க போட்டாங்கன்னு புரிஞ்சுடும்.

தையல்மெஷின் | 10.58
சீட் நம்ம ஏரியா. "லெதர் சீட்"னு சொன்னாங்கன்னா மயங்காதீங்க. பல வண்டியில உக்காருற இடமும் முதுகு படுற இடமும் மட்டும்தான் தோல், பக்கவாட்டும் பின்பக்கமும் ரெக்ஸின். ரெக்ஸின் கெட்டதுன்னு சொல்லல, பல சமயம் தோலைவிட அதிகமாத் தாங்கும். தோல்னு சொல்லி விக்கறதுதான் எரிச்சல். டாஷ்போர்டுல சிவப்பு நூல் தையல் இருந்தா நகத்தால நிமிண்டுங்க. சிலதுல நூலே கிடையாது, மோல்டுலயே தையல் மாதிரி அச்சு இருக்கும். சிலதுல நிஜ நூல், ஆனா எதையும் சேர்த்துத் தைக்கல, ஒரே துண்டு மேல சும்மா அழகுக்கு ஓட்டினது. ஸ்டியரிங்ல தையல் முடிச்சு உள்ளங்கைக்கு அடியில வந்தா தினமும் உறுத்தும், அதையும் பாருங்க.

அல்கன்டாரான்னு சொன்னா அது தோலே இல்ல. பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் சேர்ந்த துணி, 1970ல ஜப்பான்ல டோரே கம்பெனியில மியோஷி ஒகமோட்டோ கண்டுபிடிச்சது. ஸ்டியரிங்ல இருந்தா கை அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து படிஞ்சு போகும், துடைச்சுக்கிட்டே இருக்கணும்.

பழைய வண்டின்னா டிரைவர் ஏறி இறங்கற பக்கத்து சீட் விளிம்பை அழுத்திப் பாருங்க. மீட்டர்ல கிலோமீட்டர் கம்மியா இருந்து விளிம்பு சப்பையா இருந்தா கேள்வி கேளுங்க.

தொடுதிரைதாசன் | 11.04
இதெல்லாம் பழைய காலப் பேச்சு. இப்ப பெரிய திரை நல்லா இருந்தா போதும். பட்டனைத் தடவிப் பார்த்து வண்டி வாங்கறது யாரு?

நெட்டைக்கால் | 11.07
நூறுல போறப்ப ஏசியைக் குறைக்க மூணு மெனு உள்ள போய்ப் பாருங்க, அப்புறம் பேசுங்க. குமிழா இருந்தா கண்ணு ரோட்டுல இருக்கும், கை தானாப் போகும். ஐரோப்பாவுல வண்டியை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஸ்டார் குடுக்கற யூரோ என்கேப்பே 2026லேருந்து அஞ்சு ஸ்டார் வேணும்னா பட்டன் வைக்கணும்னு சொல்லிட்டாங்க.

தொடுதிரைதாசன் | 11.10
அந்தப் பட்டியல்ல இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு, இவ்வளவுதான். ஏசி எங்க இருக்கு? முழுசாப் படிச்சிட்டு வாங்க.

பழைய ஸ்டியரிங் | 11.16
இருவருமே மூலத்தை விட்டுவிட்டீர்கள். 1975இல் வந்த முதல் பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் டாஷ்போர்டின் நடுப்பகுதியையே ஓட்டுநர் பக்கம் திருப்பி வைத்தார்கள். உள் வடிவமைப்பு என்றால் அது. மெத்தையும் தையலும் திரையும் அல்ல.

தையல்மெஷின் | 11.18
சோபா வாங்கப் போகலாம்னு ஒருத்தர் சொன்னாரே, அவரா இப்ப டாஷ்போர்டைப் பத்திப் பேசறது?

மட்டுறுத்துநர் | 11.21
தொடுதிரைச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. கேட்டவருக்கு உதவுங்கள்.

குட்டிடர்போ | 11.24
ஸாரி, இப்பதான் பார்த்தேன். பழசுதான், முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். மேனுவல். நாலு சிலிண்டர் பெட்ரோல் டர்போ. பேர் சொல்லல, சொன்னா இங்க வேற சண்டை ஆரம்பிச்சிடும். சத்தம் நிக்கறப்ப இல்ல, மூணு நாலு கியர்ல 2000 ஆர்பிஎம் கிட்ட மெதுவா மிதிச்சா வருது. 2300 தாண்டினா போயிடுது. டாஷ்போர்டு ஓரத்துல ஏதாவது ஸ்ப்ரே அடிச்சா நிக்குமா? முன் கண்ணாடி ஓரத்துத் தூண் மூடிக்குள்ள ஸ்பான்ஜ் திணிக்கலாம்னு நண்பன் சொல்றான்.

மோல்டுமேஸ்திரி | 11.31
தூண் மூடியில கை வைக்கவே கூடாது. பக்கவாட்டுக் கண்ணாடியை மறைச்சு விரியற கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற வண்டின்னா அது அந்த மூடிக்குப் பின்னாடிதான் போகும். ஸ்பான்ஜ் திணிச்சா விரிய வேண்டிய நேரத்துல ஒழுங்கா விரியாது. டாஷ்போர்டுல பக்கத்து சீட்டுக்கு எதிர்ல எதையும் ஒட்டாதீங்க, அங்கேயும் ஏர்பேக் கிழிச்சிட்டு வரணும். ஸ்ப்ரேயும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் கலந்தது கதவு ரப்பர்ல பட்டா ரப்பர் ஊதிப் போயிடும். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ்தான்.

கதவுச்சத்தம் | 11.33
காலையில குளிர்ல சத்தம் வந்து மத்தியானம் நிக்குதா? பிளாஸ்டிக் சுருங்கறதாலதான்.

மோல்டுமேஸ்திரி | 11.36
அது வேற சத்தம் அண்ணே. ஒரு மீட்டர் இரும்பு 30 டிகிரி ஏறினா 0.36 மில்லிமீட்டர்தான் நீளும், பிளாஸ்டிக் அதைவிடப் பல மடங்கு. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி "கிரீச்"னு கத்தும். இவர் சொல்றது "ர்ர்ர்". எதோ ஒண்ணு லூசா இருந்து ஆடி ஆடி மோதுது.

மூணாவதுகியர் | 11.44
இப்பதான் விஷயத்துக்கு வந்தோம். நாலு சிலிண்டர்ல ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும். 2000 ஆர்பிஎம்னா நொடிக்கு 33 சுத்து சொச்சம், அப்ப வெடிப்பு 67. அதாவது 67 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வுக்கு மட்டும் ஒரு துண்டு ஆடுது, 2300ல 77 ஆயிடுது, அதான் நின்னுடுது.

போன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் ஒண்ணு போட்டுக்கோங்க. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, புளூடூத்ல கார் ஸ்பீக்கர் வழியா 60லேருந்து மெதுவா ஏத்துங்க. சத்தம் கம்மியா வச்சு ஆரம்பிங்க. எங்கயாவது "ர்ர்ர்" கிளம்பும். கிளம்பின உடனே ஒவ்வொரு இடமா உள்ளங்கையை வச்சு அழுத்துங்க, நிக்கிற இடம்தான் குற்றவாளி. காதை நம்பாதீங்க. முன் கண்ணாடியில பட்டுத் திரும்பறதால மேல இருக்கிறதுகூட கீழேருந்து வர்ற மாதிரி ஏமாத்தும். கதவுல ஸ்பீக்கரே இருக்கிறதால கதவோட உள்பக்க அட்டை தனியா ஆடலாம், அதைக் கையால பிடிச்சுக்கிட்டுத் தேடுங்க.

பழைய ஸ்டியரிங் | 11.52
கைபேசி வைத்துக் கார் பார்க்கும் காலம்.

மூணாவதுகியர் | 11.53
ஆமா சார், நல்ல காலம்.

நெட்டைக்கால் | காலை 7.05
இன்னொண்ணு விட்டுட்டேன். மேனுவல்னா கியர் லீவரை ரெண்டுலயும் நாலுலயும் போட்டுப் பாருங்க. பின்னாடி கப் ஹோல்டர்ல உயரமா பாட்டில் இருந்தா முழங்கை அதுல இடிக்கும். கன்சோல்ல வெள்ளி கலர் பட்டை இருந்தா நடுப்பகல்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, கண்ணுல நேரா அடிக்கும். பியானோ பிளாக்கா (கண்ணாடி மாதிரி பளபளக்கற கறுப்பு பிளாஸ்டிக்) இருந்தா முப்பத்தெட்டாயிரத்துல எப்படிக் கீறியிருக்குன்னு பாருங்க, பளபளப்புல முடி முடியாத் தெரியும்.

தையல்மெஷின் | 9.40
தம்பி என்ன ஆச்சு?

மூணாவதுகியர் | மதியம் 1.15
போயே போயிட்டார் போல.

குட்டிடர்போ | மாலை 6.37
எல்லாருக்கும் நன்றி. 67ல வரல, 70 கிட்ட வந்துச்சு. டாஷ்போர்டே இல்ல. மேல லைட் பக்கத்துல கூலிங் கிளாஸ் வைக்கிற பெட்டி. ஒரு விரல் வச்சா நிக்குது. கைப்பிடி அடியில நகம் மாட்டல. பின் கதவு கல்லுதான். முட்டி இடிக்குது, பழகிக்கறேன். அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

தையல்மெஷின் | 6.44
வாழ்த்துகள் தம்பி. அந்தப் பெட்டி மூடி உரசற விளிம்புல ஒரு துண்டு ஃபெல்ட் டேப் ஒட்டுங்க, வயரிங்ல சுத்தறாங்களே அதே டேப். தீர்ந்துது.

மூணாவதுகியர் | 6.50
இப்பவாவது எந்த வண்டின்னு சொல்லுங்க.

கதவுச்சத்தம் | இரவு 8.12
கதவைச் சாத்திப் பார்த்தீங்களா?