மாஸ்டா எம்எக்ஸ்-5 (2003): முன்பகுதியை மீண்டும் கட்டிய பிறகும் கார் இடப்புறம் இழுக்கிறது. வளைந்தது சப்ஃபிரேமா, சேஸிஸ் ரெயிலா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகே வசிக்கிறேன். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் ‘கேட்டகரி எஸ்’ என்று வகைப்படுத்திக் கைவிட்ட இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 ஒன்றை, அதாவது 1.8 லிட்டர் என்ஜின் கொண்ட 2003ஆம் ஆண்டுக் காரை வாங்கி, வீட்டுக் கராஜிலேயே கழற்றிப் பழுதுபார்த்து வருகிறேன். எஸ் என்றால் கட்டமைப்பே சேதமடைந்தது என்று பொருள் என்பதை அறிந்துதான் வாங்கினேன்.

காரின் முன் இடது சக்கரம் நடைபாதையின் ஓரக்கல்லில் பலமாக இடித்து ஏறியதும், அந்த மூலை ஒரு கம்பத்தில் மோதியிருக்கிறது. ஏர்பேக் விரியவில்லை. பம்பர், பானெட், இடது மட்கார்ட், ரேடியேட்டர், விளக்குகள் ஆகிய அனைத்தையும் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் தனிப் பையில் இட்டுப் பெயர் எழுதி வைத்தேன். இடதுபுறச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்திருக்கும் கைகளான அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம், அவற்றின் நுனியில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஸ்டியரிங்கோடு அதை இணைக்கும் டை ராடு, ஷாக் அப்சார்பர் ஐந்தையும் மாற்றினேன். இரண்டு ஆர்ம்களும் நக்கிளும் பழைய கார் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டவை; மற்றவை புதியவை.

இப்போது 50 மைல் வேகத்தில் ஸ்டியரிங்கைச் சற்றுத் தளர்த்தினாலே கார் இடப்புறம் போகிறது. முன் டயர்களை இடம் மாற்றிப் பார்த்தும் இழுப்பு திசை மாறவில்லை. பிரேக் பிடித்துக்கொள்ளவும் இல்லை. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல்கிறது. அலைன்மென்ட் கடையில் கிடைத்த அளவுகள் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம் கேம்பர், ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம் காஸ்டர், அது உட்புறமாகச் சாயும் கோணம் அச்சின் சாய்வு) வருமாறு: வலது கேம்பர் -0.7, காஸ்டர் 5.6, ஸ்டியரிங் அச்சின் சாய்வு 11.4 டிகிரி, இடது கேம்பர் +0.3, காஸ்டர் 4.1, அச்சின் சாய்வு 10.4 டிகிரி. இடதுபுற லோயர் ஆர்மில் இந்தக் கோணங்களைத் திருத்த உதவும் கேம் போல்ட்டுகள் இரண்டையும் இறுதிவரை திருப்பிய பின்னும் இவ்வளவுதான் வந்தது. வீல்பேஸை (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தை) நானே அளந்தேன்: வலப்புறம் 2265 மில்லிமீட்டர், இடப்புறம் 2260.

பானெட்டுக்கும் இடது மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி முன்னே போகப் போகக் குறுகுவதால், சேஸிஸ் ரெயிலே, அதாவது பாடியின் முன்பகுதியில் நெடுக்காக ஓடும் சட்டமே, வளைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன். அப்படியானால் இந்தக் காரைப் பாகம் பாகமாக விற்பதைத் தவிர வேறு வழி இல்லையா? எட்டு மாத உழைப்பு இதில் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (டிங்கரிங் பட்டறையில் நெடுநாள் பணியாற்றியவர்)

தம்பி, விற்பதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

முதலில் கேம்பரையும் ஸ்டியரிங் அச்சின் சாய்வையும் கூட்டிப் பாருங்கள். வலப்புறம் 11.4இலிருந்து 0.7ஐக் கழித்தால் 10.7, இடப்புறம் 10.4உடன் 0.3ஐக் கூட்டினாலும் அதே 10.7. இந்தக் கூட்டுக் கோணத்தை நிர்ணயிப்பது நக்கிளின் வடிவம் மட்டுமே. அது இருபுறமும் ஒன்றாக இருப்பதால் நீங்கள் வாங்கிப் பொருத்திய நக்கிள் நேராகவே இருக்கிறது என்று கொள்ளலாம். கோளாறு நக்கிளைத் தாங்கி நிற்கும் பாகங்களில் இருக்கிறது: கீழ் பால் ஜாயின்ட், அதாவது லோயர் ஆர்மை நக்கிளோடு பிணைக்கும் மூட்டு, உட்புறமாகவும் பின்புறமாகவும் நகர்ந்திருக்கிறது. உள்ளே நகர்ந்ததால் கேம்பர் நேர்மறையானது. பின்னே நகர்ந்ததால் காஸ்டரும் வீல்பேஸும் குறைந்தன. காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் கார் இழுக்கும். உங்கள் கார் இடப்புறம் போவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, இந்தக் காரின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களில் முன் அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் இரண்டுமே ஒரே சப்ஃபிரேமில், அதாவது ரெயில்களின் அடியில் போல்ட்டுகளால் பிணைத்த தனிச் சட்டத்தில்தான் தொங்குகின்றன. ஷாக் அப்சார்பரின் தலை மட்டுமே பாடியில் இருக்கிறது. ரெயில் நகர்ந்து சப்ஃபிரேமை மொத்தமாகப் பின்னே தள்ளியிருந்தால், மேல் பால் ஜாயின்ட்டும் கீழ் பால் ஜாயின்ட்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். அப்போது வீல்பேஸ் குறையுமே தவிர, காஸ்டரும் கேம்பரும் பெரிதாக மாறியிருக்காது. உங்கள் காரில் கீழ்ப்பகுதி மட்டும் நகர்ந்திருப்பதால், சப்ஃபிரேமில் லோயர் ஆர்ம் பொருந்தும் காதுகள் வளைந்திருக்க வேண்டும், அல்லது பழைய காரிலிருந்து வந்த அந்த ஆர்மே வளைந்ததாக இருக்க வேண்டும். என் ஐயம் பின்காதின் மீது. சக்கரம் முன்னிருந்து இடிபடும்போது ஆர்ம் பின்னோக்கித் திரும்பும். அந்த விசையில் பின்காது உள்ளே அழுந்தும்.

ஊகத்தை நம்பி எதையும் வாங்காதீர்கள், அளந்து பாருங்கள். காரை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, ரசமட்டம் வைத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் மட்டமாக்குங்கள். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்று போதும். விபத்து தொடாத இடத்தில், கதவுக்குக் கீழே தளத்தில் இருபுறமும் சமமாக அமைந்த துளைகள் இரண்டை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அங்கிருந்தும், சப்ஃபிரேமை ரெயிலோடு பிணைக்கும் ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும், ஆர்ம் காதுகள் நான்கிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, நுனி தொடும் இடத்தில் தரையில் சிலுவைக் குறி இடுங்கள். பிறகு மூலைவிட்டங்களை அளந்து இருபுறத்தையும் ஒப்பிடுங்கள். போல்ட் புள்ளிகள் சமமாக இருந்து காதுகள் மட்டும் மாறுபட்டால் சப்ஃபிரேம் வளைந்திருக்கிறது. போல்ட் புள்ளிகளே மாறுபட்டால் ரெயில் நகர்ந்திருக்கிறது, அப்போது கார் ஜிக்கில், அதாவது பாடியை இழுத்து நேராக்கும் சட்டத்தில், ஏற வேண்டும்.

பதில் 2 (இதே தலைமுறைக் காரை வைத்திருப்பவர்)

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதோடு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஆர்ம்களின் புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளை எந்த நிலையில் முறுக்கினீர்கள்? சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கியிருந்தால், உள்ளே இருக்கும் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்குண்டு நிற்கும். அந்தப் பக்கம் உயர்ந்தே நிற்கும், சில மாதங்களில் புஷ்ஷும் கிழியும். காரின் முழு எடையும் சக்கரங்களில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது செய்தியை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். இந்தத் தலைமுறையின் முன் சேஸிஸ் ரெயில்கள், மோதலைத் தாங்குவதற்காக உள்ளே கூடுதல் தகட்டு அடுக்குகள் வைத்துக் கட்டப்பட்டவை. அடுக்குகளுக்கு இடையில் புகும் தண்ணீரும் சாலை உப்பும் வெளியேற வழியின்றித் தேங்குவதால், ரெயில் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. வெளியே பெயின்ட் நன்றாகத் தெரியும். உள்ளே தகடு பிஸ்கட்டாகியிருக்கும். சஸ்பென்ஷன் பிணைப்புகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் அப்படிப்பட்ட துரு இருந்தால் எம்ஓடி எனும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது. சப்ஃபிரேமை இறக்க நேர்ந்தால், அந்த வாய்ப்பை விடாமல் இரண்டு ரெயில்களின் அடிப்பகுதியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். இடிபட்ட ரெயிலில் அடுக்குகள் விலகியிருந்தால் துரு இன்னும் விரைவாகப் பரவும்.

கேள்வி கேட்டவர்

அண்ணன்கள் இருவருக்கும் நன்றி. புஷ்களைத் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சனிக்கிழமை முழுவதும் அளந்தேன். என் கராஜின் தரை கதவை நோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்டாண்டுகளின் கீழ் ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி மட்டமாக்குவதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. சப்ஃபிரேம் போல்ட் புள்ளிகளின் மூலைவிட்டங்கள் 2 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகின்றன. ஆனால் இடது லோயர் ஆர்மின் பின்காது, வலப்புறத்தோடு ஒப்பிட்டால் 6 மில்லிமீட்டர் உள்ளேயும் 3 மில்லிமீட்டர் பின்னேயும் இருக்கிறது. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது அந்தக் காதின் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருப்பதையும் கண்டேன். எட்டு மாதமாக அதைத் தாண்டித்தான் கை நீட்டி வேலை செய்திருக்கிறேன்.

ரெயிலின் முன் நுனி மட்டும், அதாவது சப்ஃபிரேமுக்கு முன்னால் பம்பரைத் தாங்கும் பகுதி, 6 மில்லிமீட்டர் உள்ளே வந்திருக்கிறது. பானெட் இடைவெளி குறுகுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சப்ஃபிரேமின் காதைச் சூடேற்றி நெம்பி நேராக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 1

வேண்டாம். அது தகடுகளை அழுத்தி வளைத்து வெல்டிங் செய்த பெட்டி. ஒருமுறை வளைந்து, வெல்டிங் ஓரமும் வெடித்திருக்கிறது. சூடேற்றி இழுத்தால் அளவு சரியாக வந்ததுபோல் தோன்றும். அந்த இடத்தின் வலிமை திரும்பாது. உங்கள் குடும்பத்தார் ஏறப்போகும் காரில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் காது அது. வேறு சப்ஃபிரேம் தேடுங்கள். வாங்குமுன் அதையும் அளந்து வாங்குங்கள்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இந்தக் காரில் என்ஜினின் மவுன்ட்டுகள் சப்ஃபிரேமில்தான் அமர்ந்திருக்கின்றன. ஆகவே மேலே குறுக்குச் சட்டம் வைத்து, என்ஜினைச் சங்கிலியால் தாங்கிய பிறகே கீழே கைவையுங்கள். ஆயில் சம்ப்பின் கீழ் ஜாக்கி கொடுத்து நாள் கணக்கில் விடாதீர்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. ஸ்டியரிங் தண்டை, சக்கரங்களைத் திருப்பும் ராக்கிலிருந்து பிரிக்குமுன் சக்கரங்களை நேராக்கி, ஸ்டியரிங் வீலை அசையாமல் கட்டிவிடுங்கள். அது தன்போக்கில் சுழன்றால் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் அறுந்துவிடும். தொடங்கும் முன் டிக்கியில் உள்ள பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

ரெயில் நுனியை மட்டும் ஒரு ஜிக் பட்டறையில் இழுத்துச் சரிசெய்யலாம். சப்ஃபிரேம் புள்ளிகள் நல்ல நிலையில் இருப்பதால் அது பெரிய வேலை அன்று.

கேள்வி கேட்டவர் (ஏழு வாரங்களுக்குப் பின்)

நடந்ததை எழுதிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் ஒருவருக்கு உதவலாம்.

சப்ஃபிரேமை இறக்கியதில் பெரும் பாடு கேம் போல்ட்டுகளால் வந்தது. நான் மாற்றாத வலப்புறத்தின் இரண்டும் புஷ்ஷின் உட்குழாயோடு துருவேறி ஒன்றாகிவிட்டன. மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தும் அசையாததால், புஷ்ஷுக்கும் காதுக்கும் நடுவே ரம்பத்தை விட்டு அறுத்தேன். ஒரு போல்ட்டுக்கு இரண்டு வெட்டு. நான்கு வெட்டுக்கும் ஒரு மாலைப்பொழுது போயிற்று. புதிய போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவித்தான் நுழைத்தேன். பழைய பாகங்கள் விற்கும் கடைக்கு, என் காரின் நல்ல பக்கத்துத் துளைகளைப் படியெடுத்த அட்டை ஒன்றைக் கொண்டு சென்றேன். முதலில் காட்டிய சப்ஃபிரேமில் அட்டை பொருந்தவில்லை. இரண்டாவதில் இருபுறமும் துளைக்குத் துளை பொருந்தியது.

ரெயில்களைப் பற்றிய எச்சரிக்கை மெய்யாயிற்று. வலது ரெயில் கெட்டியாக இருந்தது. இடது ரெயிலின் அடியில், சப்ஃபிரேமின் முன் போல்ட்டுக்குச் சற்று முன்னால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போயிற்று. இழுத்தபோது ஈரமான செந்நிறப் பொடியும் கொட்டியது. ஜிக் பட்டறையில் நுனியை முதலில் இழுத்து நேராக்கி, அதன் பிறகு கெட்ட அடுக்குகளை வெட்டி நீக்கிப் புதிய தகட்டை வெல்டிங் செய்து கொடுத்தார்கள். உள்ளே மெழுகு பீய்ச்சுவதற்கு ஒரு துளையையும், தண்ணீர் வடிய அடியில் ஒரு துளையையும் விடச் சொன்னேன்.

எல்லாவற்றையும் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி அமரவைத்த பிறகே, சக்கரங்களைப் பலகைகள் மேல் ஏற்றி, அடியில் படுத்துக்கொண்டு புஷ் போல்ட்டுகளை இறுக்கினேன். நேற்றைய அலைன்மென்ட் அளவுகள்: கேம்பர் இருபுறமும் -0.8; காஸ்டர் வலது 5.6, இடது 5.5. வீல்பேஸ் வித்தியாசம் 1 மில்லிமீட்டர். கேம் போல்ட்டுகள் நான்கும் ஏறத்தாழ நடுவில் நிற்கின்றன. அதே சாலையில் அதே 50 மைல் வேகத்தில் ஸ்டியரிங்கைத் தளர்த்தினேன். கார் நேராகப் போயிற்று.

வேலையின் படங்களும் அளவுத் தாள்களும் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டன. பானெட் இடைவெளி இப்போது பின்னிருந்து முன்வரை ஒரே அளவாக இருக்கிறது. இடது விளக்கின் கீழ்த் தாங்கியில் ஒரு போல்ட் துளை மட்டும் இன்னும் சற்று விலகி நிற்கிறது. அதை வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகிறேன்.