ஏசியே ஓடவில்லை, ஆனாலும் 500 யூனிட் தாண்டிவிட்டது. கீசர்தான் காரணமா?

நங்கநல்லூர்க்காரி:
நவம்பரிலேயே ஏசியை நிறுத்திவிட்டோம், ஃபேன் கூட பாதி வேகம்தான், அப்படியும் இந்த இரண்டு மாத ரீடிங் 500-ஐத் தாண்டிவிட்டது. எனக்கு 25 லிட்டர் கீசர் மேல்தான் சந்தேகம். மார்கழி என்று மாமியார் நாலரைக்கே குளிப்பார், அப்போது போடுகிற ஸ்விட்சை கடைசி ஆள் ஆபீஸ் கிளம்பும் ஒன்பதரை வரை யாரும் அணைப்பதில்லை. அணைத்து அணைத்துப் போட்டால்தான் அதிகம் இழுக்கும் என்கிறார் வீட்டுக்காரர். உண்மையா? வாடகை ஃபிளாட், போர் தண்ணீர். சென்னையில் என்ன குளிர் என்று ஆரம்பிக்காதீர்கள், விடியற்காலை 21 டிகிரி எங்களுக்குக் குளிர்தான்.

கணக்குப்பிள்ளை:
போட்டு அணைப்பதால் கூடுதலாக எதுவும் இழுக்காது மேடம். விடாமல் எரிந்தால்தான் தண்ணீர் ஆற ஆற தெர்மோஸ்டாட் திரும்பத் திரும்பக் காய்ச்சும். ஆனால் ஓரளவு நல்ல கீசரில் அந்த ஐந்து மணி நேர இழப்பு அப்படி ஒன்றும் பெரிசில்லை, அதனால் மாமியாரைக் குற்றம் சொல்ல வேண்டாம். குளிப்பது வாளியிலா ஷவரிலா, அதைச் சொல்லுங்கள். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவர கால் யூனிட் போதும். நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில் பத்து நிமிஷம் நின்றால் 80 லிட்டர், கிட்டத்தட்ட 1.4 யூனிட். ஒரே ஆள், 60 நாள், 84 யூனிட் ஆயிற்றா?

மாடித்தோட்டம்:
500 தாண்டினால் அந்தக் கூடுதல் யூனிட்டோடு போகாது, 101 முதல் 200 வரைக்கான மானிய விலையும் போய்விடும், 500-க்கு மேல் போகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். அதனால் கொஞ்சம் குறைத்தாலே பில்லில் நன்றாகத் தெரியும். சாயங்காலம் குளிக்கிறவர்களுக்குக் கீசர் எதற்கு? வெயில் அடித்த நாளில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தண்ணீர் நாலு மணிக்கு வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. சோலார் ஹீட்டர் நல்லதுதான், ஆனால் வாடகை வீட்டில் ஓனர் சம்மதிக்க வேண்டும், டிசம்பர் மழை மூட்டத்தில் அதுவும் கரண்டைத்தான் கேட்கும்.

ஒயர்மேன்:
போர் தண்ணீர் என்றால் கீசருக்குள் தண்ணீரைக் காய்ச்சும் காயிலில் உப்பு படியும். அதனால் பில் எகிறும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். காயில் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, சூடு வேறு எங்கே போகும்? காய்வதற்கு நேரம் கொஞ்சம் கூடும், நாளடைவில் காயிலே எரிந்து போகும், செலவு அங்கேதான். தெர்மோஸ்டாட்டை 55-க்குக் கீழே திருகி வையுங்கள், உப்பும் குறையும், தொட்டியில் மீந்து ஆறுகிற சூடும் குறையும். சர்வீஸ் பண்ணும்போது உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அது போனால் அடுத்து டேங்க்தான் துருப்பிடிக்கும்.

பல்லாவரம் பையன்:
எதுக்கு இத்தனை கணக்கு, 1500 வாட் ராடு ஒன்று வாங்கி வாளியில் போடுங்க, பத்து நிமிஷத்தில் குளிக்கிற சூடு.

ஒயர்மேன்:
தம்பி, வயசானவங்க நாலரை மணி இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வருகிற வீடு அது. ராடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு பார்க்க வாளியில் கை விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். போட்டே ஆக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் வாளி, எர்த் உள்ள பிளக், ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

நங்கநல்லூர்க்காரி:
ராடு வேண்டவே வேண்டாம் சார். மாமியார் ஒரே வாளிதான், அதிலும் பாதி மிச்சம் வைப்பார். ஷவர் என்றதும் புரிந்துவிட்டது, என் பையன் உள்ளே போனால் நாலு பாட்டு முடிந்துதான் கதவு திறக்கும். இன்றைக்கே மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து வைக்கிறேன், ஒரு வாரம் அவனுக்கு வாளிதான். வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன், "யார் அந்தக் கணக்குப்பிள்ளை" என்று கேட்டுவிட்டு பேப்பருக்குள் போய்விட்டார்.