மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்த நோயெதிர்ப்பியல் ஆய்வு: நிர்வாகப் பிரிவு எதுவரை கேட்கலாம்?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு யு19 (பல ஆய்வுத் திட்டங்களைச் சேர்த்து அரசு தரும் மானிய வகை) திட்டத்தின் நிர்வாகப் பிரிவில் அண்மையில் பொறுப்பேற்றுள்ளேன். கூட்டங்களை ஏற்பாடு செய்வதும் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பதுமே என் வேலை என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் பங்காளி ஆய்வகம் ஒன்றிலிருந்து குருதி மாதிரிகளும் செலவுக் கணக்கும் தொடர்ந்து தாமதமாக வருகின்றன. விஞ்ஞானி அல்லாத நான் அதைப் பற்றிக் கேட்கலாமா? இதே பணியில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (மானிய நிர்வாகி):
தாராளமாகக் கேட்கலாம் அம்மா, கேட்டே ஆக வேண்டும். யு19 என்பது கூட்டுறவு ஒப்பந்த வகை மானியம்; பணம் தரும் என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனம்) அலுவலரும் திட்டத்தின் போக்கில் பங்கெடுப்பார். இத்தகைய மானியங்களின் ஆண்டு முன்னேற்ற அறிக்கையைப் பொதுவாக மானியத்தின் அடுத்த ஆண்டு நிதிக் காலம் தொடங்குவதற்கு 60 நாட்களுக்கு முன் கொடுக்க வேண்டும். எல்லாப் பிரிவுகளின் பகுதிகளும் ஒரே அறிக்கையாகப் போவதால், ஓர் ஆய்வகம் தாமதித்தால் அனைவருக்குமான அடுத்த ஆண்டுப் பணம் தள்ளிப்போகக்கூடும். துணை மானியம் பெறும் நிறுவனத்தை, அதாவது உங்கள் மானியத்தில் ஒரு பங்கைப் பெறும் பங்காளியைக் கண்காணிப்பது முதன்மை நிறுவனத்தின் சட்டப்படியான கடமையும்கூட. முதலில் அந்த ஆய்வகத்தில் கணக்கைப் பார்ப்பவரிடம் தொலைபேசியில் பேசுங்கள். தலைமைப் பேராசிரியருக்கு எழுதுவது அதற்கு அடுத்த படியாக இருக்கட்டும்.

பதில் 2 (ஆய்வகத்தில் பணிபுரிபவர்):
செலவுக் கணக்கைவிடக் குருதியின் தாமதமே எனக்குக் கவலை தருகிறது. எடுத்த குருதி பல மணி நேரம் காத்திருந்தால், அதிலிருந்து வெள்ளணுக்களைப் பிரிக்கும்போது ஆய்வுக்கு வேண்டாத கிரானுலோசைட்டுகள் என்ற வகை வெள்ளணுக்களும் கலந்துவிடுகின்றன, நாம் ஆராயும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் செயல்திறனும் குறைகிறது. ஓர் இடத்தில் நான்கு மணி நேரத்திலும் இன்னோர் இடத்தில் மறுநாளும் பிரித்த அணுக்களைக் கடுங்குளிரில் உறையவைத்தால், இறுதியில் நாம் காணும் வேறுபாடு நோயால் வந்ததா, கூரியரால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை மாலையில் எடுத்த குருதியை அனுப்பிவிட்டு நாங்கள் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆகவே மாதிரிப் பதிவேட்டில் குருதி எடுத்த நேரம், அணுக்களை உறையவைத்த நேரம் இரண்டையும் ஒவ்வொரு குழாய்க்கும் கேட்டு வாங்குங்கள். அறிவியலுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

பதில் 3:
இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். ஒரே ஆய்வு முறையைப் பல இடங்களில் மனிதர்களிடம் நடத்தினால், 2018 ஜனவரி முதல் ஒரே நெறிமுறைக் குழுவின் ஒப்புதலே என்.ஐ.எச். விதி; ஆகவே பங்கேற்பாளர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் எந்தப் பதிப்பு எங்கே புழங்குகிறது என்பதை நிர்வாகப் பிரிவே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தரவுப் பகிர்வுத் திட்டமும் 2023 ஜனவரி 25 முதல் கட்டாயம். நோயெதிர்ப்பியல் தரவுகள் பெரும்பாலும் இம்போர்ட் (ImmPort) என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திற்குப் போவதால், அதன் படிவங்களை முதல் மாதத்திலேயே எல்லா ஆய்வகங்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவேட்டில் அந்த இரு நேரங்களையும் இந்த வாரமே சேர்க்கிறேன். அவற்றை நிரப்ப வேண்டியவர் குருதி எடுக்கும் செவிலியரா, ஆய்வக உதவியாளரா?

பதில் 2:
எடுத்த நேரத்தைச் செவிலியர் குழாயின் மீதே எழுதட்டும். உறையவைத்த நேரத்தை உதவியாளர் பதிவேட்டில் குறிக்கட்டும்.