மறு: ஊர் ஆர்ச் வசூல் விஷயமா

எல்லாருக்கும் வணக்கம்ணே.

துபாய் மாமா போன மடல்ல எழுதியிருந்தாரு, தமிழ்நாடு முன்னேறுன மாநிலம், நம்ம ஊர்ல பூராம் மாடி வீடு, இனி ஊர் வாசல்ல வளைவு, அதான் ஆர்ச், அது ஒண்ணுதான் பாக்கி, அதுக்கு வசூல் பண்ணுவோம்னு. பாதி சரிதான் மாமா. நிதி ஆயோக் 2023ல போட்ட வறுமைக் கணக்குல ஏழைங்க பீகார்ல 33.76 சதவீதம், நம்ம தமிழ்நாட்டுல 2.20, கேரளாவுல 0.55. ஆனா அது மெட்ராஸையும் முதுகுளத்தூரையும் ஒரே அண்டாவுல போட்டுக் கிண்டுன கணக்குல்ல.

என் ரூம்ல நாகர்கோவில்காரர் ஒருத்தர் இருக்காரு, இங்க சிங்கப்பூர் ஜூரோங்ல ரெண்டு பேருக்கும் ஒரே யார்டுல வேலை, ஒரே சம்பளம். அவங்க அம்மா டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, எங்க ஆத்தா நான் அனுப்புற பணத்த எடுக்க இன்னமும் கைநாட்டுதான். தேக்காவுல டீ குடிக்கிறப்ப இத கேட்டேன், அவரு பெரிய சரித்திரமே சொல்லிட்டாரு, அவங்க ஊரு திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்துச்சு, 1956லதான் நம்மகூட சேந்துச்சு, அங்க 1817லயே ராணி கௌரி பார்வதி பாய் படிப்புச் செலவு அரசாங்கத்தோடதுன்னு உத்தரவு போட்டாச்சு, பாதிரிமார் பள்ளிக்கூடம் வேற. 2011 சென்சஸ்ல அவங்க குமரி மாவட்டத்துல படிச்சவங்க 91.75 சதவீதம், தருமபுரியில 68.54. ரெண்டும் தமிழ்நாடுதான்.

நம்ம சீக்கு வேற. கோவம் வந்தா அதிகாரிய "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்"னு மிரட்டுவாங்கள்ல, அந்தக் காடு நம்ம ராம்நாடு, ராமநாதபுரம் மாவட்டம்தான். ஊரே சிரிக்கும், ஆனா தண்டனைன்னு நெனச்சு வர்றவர் வந்த அன்னைக்கே மாறுதலுக்கு மனு எழுத ஆரம்பிச்சிர்றாரு. 2018ல மத்திய அரசு பின்தங்கிக் கெடக்குற மாவட்டங்கள 'முன்னேற விழையும் மாவட்டம்'னு லிஸ்ட் போட்டப்ப தமிழ்நாட்டுல ரெண்டே ரெண்டு, விருதுநகரும் நம்மளும். 2022ல மெடிக்கல் காலேஜும் வந்துருச்சு, சந்தோஷம். ஆனா கட்டடம் வர்றது வேற, ராத்திரி ஆள் இருக்குறது வேற.

2019ல என் தங்கச்சிக்கு ராத்திரி பத்து மணிக்கு வலி வந்தப்ப நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில லைட் எரிஞ்சுச்சு, நர்ஸம்மா இல்ல. சாயங்கால பஸ்ஸுக்கு பரமக்குடி கெளம்பிட்டாங்க. பரமக்குடி போற வழியிலயே, 108 வண்டிக்குள்ளயே பிள்ள பொறந்துச்சு. எனக்கு அந்தம்மா மேல அப்ப ஆத்திரம்னா ஆத்திரம். அப்புறம் லீவுல போனப்ப கேட்டேன், "தம்பி, தங்க வீடு கெடைக்கலப்பா, கெடைச்ச இடத்துல தண்ணி உப்பு, ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண"ன்னாங்க.

வீடு கெடைக்கலையாம்! கம்மாக்கரைத் தெருவுல மட்டும் பூட்டிக் கெடக்குற மாடி வீடு எண்ணுனேன், பதினொண்ணு. எல்லாம் நம்ம அனுப்புன காசு. மாவட்ட வருமானக் கணக்குல மாவட்டத்துக்குள்ள உற்பத்தியானது மட்டும்தான் சேரும், நம்ம அனுப்புறது சேராது. கணக்குலயும் இல்ல, ஊருக்கும் ஒதவல, வௌவாலுக்குத்தான் ஒதவுது.

அதனால நான் சொல்றது ஆர்ச் வேணாம்னு இல்ல, அடுத்த வருஷம் கட்டுவோம். எங்க வீட்டு மாடிய நர்ஸம்மாவுக்கு வாடகை இல்லாம குடுக்குறேன், ஆத்தா சரின்னுருச்சு. போர் தண்ணி உப்பு, ஆர்ஓ மெஷின் ஒண்ணும் தனியா படிக்கட்டும் போடணும், அதுக்கு மட்டும் இந்த வசூல்லருந்து எடுத்துக்கலாமா? மலேசியா சித்தப்பா, உங்க வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு? ஸ்கூலுக்கு வர்ற மேத்ஸ் சாரும் டெய்லி பஸ்லதான் வர்றாராம்.

கம்மாக்கரைத் தெரு தம்பி, சிங்கப்பூர்