2018 விலைக்கு இப்போது நட்டஈடு: யாராவது மேன்முறையீடு செய்தீர்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மாங்குளம் பக்கம் அம்மாவின் பெயரில் முக்கால் ஏக்கர் உறுதிக் காணி. வீதி அகலிக்க முன்பக்கத்தை எடுத்தார்கள். காணி எடுத்தற் சட்டத்தின் 7ஆம் பிரிவு அறிவித்தல் (நட்டஈடு கோருபவர்களை அழைக்கும் அறிவித்தல்) 2018இல் வர்த்தமானியில் வந்தது. நட்டஈட்டுக் கடிதமோ போன கிழமைதான் கைக்குக் கிடைத்தது.

சிக்கல் இதுதான். அதே சட்டத்தின் (1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம்) 45ஆம் பிரிவுப்படி, அந்த அறிவித்தல் வந்த நாளின் சந்தை விலைதான் கணக்கு. அப்போது சீமெந்துப் பை ஆயிரம் ரூபாய் சொச்சம். 2022இல் அதுவே மூவாயிரத்தைத் தொட்டது. எங்கள் கிணற்றைக் கட்டு உடைத்து மூடிவிட்டார்கள். தரும் காசில் இன்னொரு கிணற்றுக்குப் பாதி வளையம்கூட இறக்க முடியாது.

வட்டி சேரும் என்கிறார்கள். சரி, ஆனால் ரூபாய் விழுந்த வேகத்துக்கு அது எந்த மூலைக்கு?

நட்டஈட்டுத் தொகையை எதிர்த்து மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்ய 21 நாள்தான், அதில் ஏழு போய்விட்டது. போனவர்கள் சொல்லுங்கள்: தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கை எடுபட்டதா? 2018இல் பக்கத்துக் காணிகள் விற்ற உறுதிப் பிரதிகளை எங்கே எடுத்தீர்கள்? தாமதத்தைக் காட்டிக் கூட்டிக் கேட்க வழி உண்டா? கிளிநொச்சி, வவுனியாவில் இந்த வேலை தெரிந்த சட்டத்தரணி இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். நட்டஈட்டை ஏற்று அம்மா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.