பொருள்: யூ.பி.எஃப். – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

ந.வி. (சான் டியேகோ) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகள் வசந்த விடுமுறையில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்னும் நெடுநடைப் பாதையின் தென்முனையில் நடக்கப் போகிறார்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய கம்போவிலிருந்து மொரீனா ஏரி வரை, ஏறத்தாழ 32 கிலோமீட்டர். கனடா எல்லை வரை நீளும் 4,265 கிலோமீட்டரில் இது கொசுறுதான். ஆனால் ஒதுங்க நிழல் அதிகம் கிடைக்காத கொசுறு.

என்னென்ன உடுப்பு கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலைத் தமிழிலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பல வீடுகளில் பை கட்டப்போவது ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிமார். இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறேன். ஒன்று, ‘சன் ஹூடி’. மற்றது, அதன் லேபிளில் இருக்கும் ‘யூ.பி.எஃப். 50’. தற்காலிகமாக ‘சூரியப் பாதுகாப்புத் தலைமூடிச் சட்டை’ என்றும் ‘புற ஊதாப் பாதுகாப்புக் காரணி 50’ என்றும் எழுதி மாமியாரிடம் காட்டினேன். முதலாவதைப் படித்துவிட்டு, “சூரியனை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?” என்றார். இரண்டாவதற்கு, “ஐம்பது டிகிரி வரை தாங்குமா?” என்றார்.

வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கைகொடுங்கள்.

மா.செ. (தஞ்சாவூர்) எழுதியது:

அம்மா ந.வி., உங்கள் மாமியார் கேட்டது இலக்கணக் கேள்வி. தொகைச்சொல்லில் வேற்றுமை உருபு மறைந்திருப்பதால் வந்த மயக்கம். பயிர்ப் பாதுகாப்பு என்றால் பயிரைப் பாதுகாப்பது. சூரியப் பாதுகாப்பு என்றால் சூரியனிடமிருந்து பாதுகாப்பது. முன்னது இரண்டாம் வேற்றுமை, பின்னது ஐந்தாம் வேற்றுமை. ‘அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும் எச்சம் இலவே’ என்று தொல்காப்பியர் அஞ்சுவதற்கு இரண்டு உருபையும் கொடுத்தார். பழியஞ்சினான் என்றால் பழியை அஞ்சினான் என்றும் பழியின் அஞ்சினான் என்றும் விரிக்கலாம், பொருள் மாறாது. காப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. உருபு மாறினால் பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை ‘வெயிற்காப்பு’. லகரம் றகரமாவதை விட்டுவிடாதீர்கள், அச்சில் ‘வெயில் காப்பு’ என்று பிரித்துப் போட்டால் நான் பொறுப்பல்ல. சட்டைக்குப் பழைய சொல்லே இருக்கிறது: மெய்ப்பை. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனர் ‘மெய்ப்பை புக்க வெருவருந் தோற்றத்து’ வருகிறார்கள். அயல்நாட்டான் அணிந்த உடுப்புக்கு நம் புலவன் வைத்த பெயர், இன்று அயல்நாட்டில் நடக்கும் நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாதா?

இரா.கு. (திருப்பூர்) எழுதியது:

ஐயா, மெய்ப்பை அழகான சொல். ஆனால் பை என்று கண்ணில் பட்டதும் பாட்டி அதைத் தோளில் மாட்டுவதாக நினைத்துவிடுவார். பட்டியலில் முதுகுப்பையும் இருக்கும், மறந்துவிட வேண்டாம்.

காப்பு பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்க் கோயிலில் சந்தனக்காப்பு என்றால் சந்தனத்தைச் சாத்துவது. அப்படிப் பார்த்தால் வெயிற்காப்பு வெயிலைச் சாத்துவதாகிவிடும். வெயிலுக்கு முகத்தில் பூசும், எஸ்.பி.எஃப். என்று எண் போட்ட களிம்புக்கு வேண்டுமானால் காப்பு என்ற சொல் கச்சிதமாக உட்காரும்.

த.சி. (யாழ்ப்பாணம்) எழுதியது:

சொல்லுக்கு முன்னர் பொருளைத் தீர்த்துக்கொள்வோம். பௌதிகம் படிப்பித்தவன் என்பதால் பொறுமையாகக் கேளுங்கள்.

இந்த இலக்கம் ஒரு விகிதம். வெறுந்தோலில் விழக்கூடிய கதிரில் எத்தனையில் ஒரு பங்கு துணியைத் தாண்டி உள்ளே வருகிறது என்பதுதான் அது. 50 என்றால் ஐம்பதில் ஒன்று, அதாவது 2 சதவீதம். முதன்முதலில் இதற்கு நியமம் வகுத்தவர்கள் அவுஸ்திரேலியரும் நியூசிலாந்தரும், 1996இல். களிம்பின் இலக்கத்தை மனிதத் தோல் சிவப்பதை வைத்துக் கணிக்கிறார்கள். துணியின் இலக்கத்தைக் கருவியில் வைத்து அளக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே ‘காரணி’ வேண்டாம். 12இன் காரணிகள் 2, 3, 4, 6 என்று பிள்ளைகள் கணக்கில் படிக்கிறார்கள். இங்கே தேவை ‘மடங்கு’. ‘வெயில்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வெயிலில் சூடும் இருக்கிறது, வெளிச்சமும் இருக்கிறது. இந்தத் துணி தடுப்பதாக உறுதி சொல்வது கழியூதாக் கதிரை மட்டுமே. அதே பாதையில் சியாரா நெவாடா மலைத்தொடரின் ஃபாரெஸ்டர் கணவாய் 4,009 மீட்டர் உயரம். அங்கே காற்றில் உடம்பு நடுங்கும், கதிரோ கீழே இருப்பதைவிடக் கடுமை. ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் பத்துச் சதவீத அளவில் கூடும். பழைய பனியில்லாமல் புதுப்பனி கிடந்தால் விழுந்ததில் பெரும்பகுதி கீழிருந்து திரும்பி நாடிக்கு (முகவாய்க்கு) அடியில் சுடும். குளிருகிறதே என்று சட்டையைக் கழற்றுகிற பிள்ளைக்கு ‘வெயில்’ என்ற சொல் பிழையான பாடம் சொல்லும்.

மா.செ. எழுதியது:

மாஸ்டர் ‘கழியூதா’ என்கிறார், நாங்கள் ‘புறவூதா’ என்கிறோம். இரண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஊதா’ தமிழே அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதை உருதுவிலிருந்து வந்ததென்று காட்டுகிறது. ஊதுவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. கருநீலம் என்றால் வேறு நிறம், செந்நீலம் என்றால் சண்டை வரும். மக்கள் வாயில் இருப்பது கத்தரிப்பூ நிறம். அதனால் கத்தரிப்புறக் கதிர் என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரா.கு. எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும். கத்தரிப்புறம் என்றால் எங்கள் பிரிவில் துணி வெட்டும் மேசை என்று நினைப்பார்கள்.

த.சி. எழுதியது:

வந்த சொல்லானாலும் ஊதா குடியேறித் தலைமுறைகள் ஆயிற்று, இனி விரட்ட முடியாது. எனக்கு உறுத்துவது வேறொன்று. தமிழ்நாட்டில் சிவப்புக்கு அந்தப் பக்கம் இருப்பதை ‘அகச்சிவப்பு’ என்கிறீர்கள். சிவப்புக்கு உள்ளேயா இருக்கிறது அது? அதிர்வெண் சிவப்பைவிடக் குறைவு, எனவே நாங்கள் ‘செந்நிறக் கீழ்’ என்கிறோம். ஊதாவைக் கடந்தது கழியூதா. கழி என்றால் மிகுதி, ‘கழிபேருவகை’ என்பதில் இருக்கிற கழி. புறமும் அகமும் திணைக்குப் பொருந்தும், நிறமாலைக்குப் பொருந்தாது.

ந.வி. எழுதியது:

பெரியவர்களே, இன்று புதன். அகச்சிவப்பு என் பட்டியலில் இல்லை.

வெ.ப. (சியாட்டில்) எழுதியது:

அந்தப் பாதையின் கலிபோர்னியப் பாலைப் பகுதியில் நான் நடந்திருக்கிறேன். அங்கே சட்டை என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன், பெயரைப் பிறகு வையுங்கள்.

முக்காடு தொப்பிக்கு மேலே வர வேண்டும். விளிம்பு கன்னத்தை மறைக்க வேண்டும். அப்போதுதான் காதும் பிடரியும் தப்பும், களிம்பை மறந்துவிட்டுப் பிறகு புலம்புகிற இடம் அவை இரண்டும்தான். கைநுனியில் கட்டைவிரல் நுழைய ஓட்டை இருந்தால் புறங்கை வேகாது, கைத்தடி பிடித்து நடப்பவர்களுக்குப் புறங்கைதான் நாள் முழுதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உடம்பைப் பிடிக்காமல் தொளதொளவென்று இருக்க வேண்டும், கழுத்தில் கொஞ்சம் திறக்க வசதி வேண்டும். கறுப்பு வேண்டாம் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அரபுப் பாலைவன நாடோடிகளான பெதுவின் மக்களின் கறுப்பு அங்கியை 1980இல் பாலையில் வைத்து அளந்து பார்த்தார்கள். வெள்ளையைவிடக் கறுப்பு அதிகச் சூட்டை வாங்குகிறது, ஆனால் அந்த அதிகம் தோலுக்கு வந்து சேருவதற்குள் காற்றோடு போய்விடுகிறது. அங்கி தொளதொளப்பாக இருந்ததால் கிடைத்த பலன் அது. ஒட்டிப்பிடிக்கும் சட்டையில் இந்தக் கணக்கு செல்லாது.

தலையையும் தோளையும் சேர்த்து மூடுவதற்கு எங்கள் ஊரில் ஒரு சொல் உண்டு: கொங்காணி. மழைக்காலத்தில் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்று நடப் போவார்கள். ‘வெயில் கொங்காணி’ என்று எழுதினால் எந்தப் பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரா.கு. எழுதியது:

கொங்காணிக்கு என் ஓட்டு. படமே வரைய வேண்டாம்.

துணி பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், தொழில் இது. மெல்லியது வேண்டும், கதிரும் நுழையக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பின்னலாடையில் கண்ணி நெருக்கமாக விழுந்தால்தான் தடுப்பு. முழங்கையில் இழுபட்டால் கண்ணி வாய் திறக்கும், எண் இறங்கும். அதனால் ஒரு அளவு பெரிதாகவே வாங்கச் சொல்லுங்கள். சாதாரண வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு 7 என்பார்கள், நனைந்துவிட்டால் 3. வெளுக்காத கோரா துணி வெளுத்ததைவிட மேல், ஏனென்றால் பஞ்சில் இயற்கையாக இருப்பது கதிரைக் கொஞ்சம் விழுங்கும், வெளுப்பில் அது போய்விடுகிறது. அடர்த்தியான சாயம் போட்டால் இன்னும் மேல். பாலியஸ்டர் தன் இயல்பிலேயே விழுங்கும், அதனால்தான் 120, 130 ஜி.எஸ்.எம்.மில்கூட (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) நல்ல எண் கிடைக்கிறது. ஜீன்ஸ் துணியில் எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு 32 கிலோமீட்டர் யார் நடப்பது?

மா.செ. எழுதியது:

தம்பி இரா.கு., நீங்கள் மெல்லியதும் நெருக்கமானதும் மல்லுக்கட்டும் என்கிறீர்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்கு உடுக்கக் கொடுத்தது ‘நோக்கு நுழைகல்லா நுண்மைய பூக்கனிந்து அரவுரி அன்ன அறுவை’. பாம்புரி போல் மெல்லியது, ஆனால் பார்வை நுழைய முடியாதது. மல்லுக்கட்டை நெசவாளி அன்றே தீர்த்துவிட்டான். அறுவை என்பது அறு என்பதிலிருந்தும், துணி என்பது துணி என்னும் வினையிலிருந்தும் வந்தவை. இரண்டும் வெட்டுதலே. சட்டை என்று பாம்புரியையும் சொல்கிறோம், உடுப்பையும் சொல்கிறோம். ஆகவே நுழைகல்லா என்பதையே எடுத்து ‘கதிர்நுழையா அறுவை’ என்று வைத்தால் சங்கமும் வாழும், அறிவியலும் வாழும்.

வெ.ப. எழுதியது:

ஐயா, கலிபோர்னியாவில் நான் அறுவை என்றால் அறுவைச் சிகிச்சைக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

த.சி. எழுதியது:

‘நுழையா’ பொய்யும்கூட. ஐம்பதில் ஒன்று நுழைகிறதே. ஒளிபுகாப் பொருள், ஒளிகசியும் பொருள் என்று பாடநூலில் தனித்தனி வகை உண்டு. இது கசியும் வகை.

ஒரு சமரசம் சொல்கிறேன். ‘காப்பு’ என்பதை விட்டுத் ‘தடுப்பு’ எடுப்போம். எதைக் காக்கிறது, எதிலிருந்து காக்கிறது என்ற மயக்கம் தடுப்புக்கு இல்லை. எதைத் தடுக்கிறது என்ற ஒரே கேள்விதான். ‘கதிர்த்தடுப்பு மடங்கு’. ஊதா வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கும் தானே தள்ளுபடியாகிவிடும்.

மா.செ. எழுதியது:

தடுப்பூசி ஊசியையா தடுக்கிறது, மாஸ்டர்? மயக்கம் எங்கும் உண்டு. மடங்கு என்றால் பெருகுவது, இங்கே குறைகிறது. ‘தடுப்பெண்’ என்றால் ஓரளவு பொறுத்துக்கொள்வேன்.

த.சி. எழுதியது:

பெருகுவது தடுப்பு, குறைவது கதிர். 50 மடங்கு என்பது தடுப்பின் மீது நிற்கிறது. எண் என்றால் வீட்டு எண்ணும் எண்தான்.

ந.வி. எழுதியது:

வியாழன் இரவு. குழுவில் பதில் சொன்னவர்களில் நால்வர் ‘கதிர்த்தடுப்பு மடங்கு’ போதும் என்று தனிமடலிலும் சொல்லிவிட்டார்கள், அதில் இருவர் “போதும்” என்பதை வேறு பொருளில் சொன்னதாகத் தெரிகிறது. கொங்காணியை எனக்குப் பிடித்திருந்தாலும் இங்கே கோவைக்காரரும் மட்டக்களப்பாரும் மலேசியத் தமிழரும் இருக்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்டேன், இருவருக்குத் தெரியவில்லை. முக்காடு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அச்சுக்குப் போவது இது:

“முக்காடு வைத்த மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று. தொளதொளவென்று இருக்கட்டும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் தடுப்புக் குறையும், இரவில் குளிரும். லேபிளில் யூ.பி.எஃப். என்று இருக்கும், அதுதான் கதிர்த்தடுப்பு மடங்கு. 30க்குக் குறையாமல் பாருங்கள். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே வரும். இது வெப்பநிலை அல்ல. குளிராக இருந்தாலும் பகலில் கழற்ற வேண்டாம்.”

மாமியார் படித்துவிட்டு, “சரி, இரண்டு வாங்கு” என்றார். ஒன்று தனக்காம்.

மா.செ. எழுதியது:

அச்சுக்குப் போனதைத் தடுக்கமாட்டேன். ஆனால் ‘மடங்கு’ குறித்த என் மறுப்பு குழுவின் பதிவில் இருக்கட்டும். ‘முக்காடு’ துக்க வீட்டு நினைவைத் தரும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. மெய்ப்பையை என் தொகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன். ஊதா பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

இரா.கு. எழுதியது:

தொடங்குங்கள் ஐயா, வருகிறேன். ஆர்டர் சீட்டில் நான் யூ.பி.எஃப். என்றுதான் எழுதப் போகிறேன், வாங்குபவன் அதைத்தான் கேட்கிறான். கொங்காணியை விட்டது எனக்கு இன்னும் மனசில்லை.